ஃபொலாவ் எதற்காக நீக்கப்பட்டார்? தன்பாலினத் திருமணமும் விளையாட்டு வீரர்களின் பேச்சுரிமையும் – விவாத இழை

எல்லைக்கோடு:

ஆஸ்திரேலிய ரக்பி வீரர் இஸ்ரேல் ஃபொலாவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், தன்பாலினத் திருமணத்தை எதிர்த்ததற்காக வேலையை இழந்தவர் என்றே அவரை அறிமுகப்படுத்துகிறார்கள். ஆதரிப்பவர்கள் அதைத் தியாகம் என்கிறார்கள். கண்டிப்பவர்கள் தகுந்த தண்டனை என்கிறார்கள். நடந்தவற்றை ஆண்டுவாரியாகப் பார்த்தால் இரு தரப்பினரும் ஒரே பிழையைச் செய்வது தெரியும். விளையாட்டு வீரர்கள் இத்தகைய பொருள்களில் வாய் திறக்கலாமா என்ற கேள்விக்கு விடை தேடும் முன்னர் அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கருதுவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2017 செப்டம்பர் 12 முதல் நவம்பர் 7 வரை ஆஸ்திரேலியாவில் அஞ்சல்வழி வாக்கெடுப்பு நடந்தது. ஒரே பாலினத்தைச் சேர்ந்த இணையர் மணம் செய்துகொள்ளும் வகையில் சட்டத்தைத் திருத்தலாமா என்பது மட்டுமே மக்கள்முன் வைக்கப்பட்ட கேள்வி. வாக்கெடுப்பு தொடங்கிய மறுநாள் ஃபொலாவ் ட்விட்டரில் ஒரு சிறு குறிப்பை இட்டார். எல்லா மனிதர்களையும் அவரவர் கருத்துகளையும் தாம் நேசித்து மதிப்பதாகவும், ஆயினும் தனிப்பட்ட முறையில் தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கப் போவதில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். ஆஸ்திரேலிய ரக்பி அமைப்பு அப்போது வெளிப்படையாக 'ஆம்' பக்கம் நின்றிருந்தது. தன்னுடைய புகழ்பெற்ற வீரர் நேர் எதிரான நிலையை ஊரறியச் சொன்ன பின்னும் அது அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. அவர் தேசிய அணியில் தொடர்ந்து ஆடினார்.

2018 ஏப்ரலில், தன்பாலீர்ப்பாளர்களுக்குக் கடவுள் வைத்திருக்கும் திட்டம் என்ன என்று இன்ஸ்டாகிராமில் ஒருவர் கேட்டபோது, மனந்திரும்பாவிட்டால் நரகம் என்று அவர் விடையளித்தார். ரக்பி அமைப்பின் தலைமைச் செயல் அலுவலர் ரேலின் காசில் அவரை அழைத்துப் பேசினார். முதன்மை விளம்பரதாரரான குவாண்டாஸ் விமான நிறுவனம் அதிருப்தி தெரிவித்தது. அப்போதும் தண்டனை எதுவும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் 2022 வரை நீளும் புதிய ஒப்பந்தம் அவருக்குத் தரப்பட்டது. அதன் மதிப்பு ஏறத்தாழ 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று செய்திகள் கூறின.

2019 ஏப்ரல் 10 அன்று அவர் இட்ட மூன்றாவது பதிவே அவருடைய பணியைப் பறித்தது. குடிகாரர், தன்பாலீர்ப்பாளர், விபசாரக்காரர், பொய்யர், திருடர், நாத்திகர், விக்கிரக ஆராதனைக்காரர் என்று ஒரு பட்டியலைத் தந்து, இவர்களுக்கு நரகம் காத்திருக்கிறது என்று எச்சரித்த படம் அது. திருமணச் சட்டம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அச்சட்டம் திருத்தப்பட்டு அப்போது ஒன்றரை ஆண்டு ஆகப்போகிறது. மே மாதத்தில் விசாரணைக் குழு அதை நன்னடத்தை விதிகளின் உயர்நிலை மீறல் என்று தீர்மானித்தது. மே 17 அன்று ஒப்பந்தம் முறிக்கப்பட்டது.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவை வெளிப்படையாகவே வைக்கிறேன். மக்கள் வாக்களிக்க வேண்டிய ஒரு சட்டக் கேள்வியில் எந்த வீரரும் எந்தப் பக்கத்தையும் அஞ்சாமல் எடுக்கலாம். அவருக்குச் சம்பளம் தருபவர் எந்தப் பக்கம் இருந்தாலும் அது மாறக்கூடாது. குறிப்பிட்ட ஒரு பிரிவினரை, தன்னோடு ஆடுபவர்களும் தன்னைப் பார்த்து ஆடத் தொடங்கும் சிறுவர்களும் அடங்கிய பிரிவினரை, அழிவுக்கு உரியவர்கள் என்று பல லட்சம் பேர் பார்க்கும் இடத்தில் அறிவிப்பது வேறு வகைச் செயல். இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததால்தான் இந்த விவாதம் இத்தனை ஆண்டுகளாக நகராமல் நிற்கிறது. நண்பர்கள் தங்கள் கருத்துகளை எழுத வேண்டுகிறேன்.

வென்ட்வொர்த்வில் வாசகர்:

எல்லைக்கோடு அவர்களே, தாங்கள் அடுக்கியிருக்கும் நிகழ்வுகளில் பிழை இல்லை. ஆனால் சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வாழும் எங்களுக்கு அந்த 2017ஆம் ஆண்டு எப்படித் தோன்றியது என்பதையும் சேர்த்தால்தான் படம் முழுமையடையும்.

நாடு முழுவதும் 61.6 விழுக்காட்டினர் ஆம் என்றனர், 38.4 விழுக்காட்டினர் இல்லை என்றனர். 150 தொகுதிகளில் 17 மட்டுமே இல்லை என்றன. அவற்றில் 12 தொகுதிகள் மேற்குச் சிட்னியைச் சேர்ந்தவை. பிளாக்ஸ்லேண்டில் இல்லை என்றவர்கள் 73.9 விழுக்காடு. தமிழர்கள் செறிந்து வாழும் பாராமட்டா, கிரீன்வே தொகுதிகளும் இல்லை என்றே சொல்லின. இங்கே லெபனானியர், வியட்நாமியர், சீனர், பசிபிக் தீவுகளைச் சேர்ந்த தொங்கர், சமோவர், இந்தியர், ஈழத்தவர் எல்லோரும் கலந்து வாழ்கிறோம். கோயிலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் தேவாலயத்துக்குப் போகிறவரும் ஏறத்தாழ ஒரே விடையை அஞ்சலில் அனுப்பினார்கள். நானும் அவ்வாறே அனுப்பினேன் என்பதை மறைக்கவில்லை.

அந்த வாரங்களில் நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தது என்ன? ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் தன் தலைமையகத்தின் பெயர்ப்பலகையை 'ஆம்' என்று மாற்றிவைத்தது. ரக்பி லீக் இறுதிப்போட்டியில் அமெரிக்கப் பாடகர் மேக்கிள்மோர் தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் பாடலைப் பாடினார். அதை வேண்டாம் என்ற முன்னாள் பிரதமர் டோனி அபட் விமர்சனத்துக்கு ஆளானார். கிரிக்கெட், ரக்பி, கால்பந்து அமைப்புகள் எல்லாம் ஒரே பக்கம். மக்களில் 10 பேருக்கு 4 பேர் என்ற அளவில் எதிர்ப்பு இருந்த ஒரு கேள்வியில், விளையாட்டு உலகின் அதிகாரம் முழுவதும் ஒரே குரலில் பேசியது. அந்தச் சூழலில் மரியாதையோடு மாற்றுக் கருத்தைச் சொன்ன முதன்மை வீரர் ஃபொலாவ். சிட்னியின் தென்மேற்குப் புறநகரான மிண்டோவில் வளர்ந்த தொங்கக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் பகுதிப் பெற்றோர் அவருக்காக மகிழ்ந்ததற்கு அது காரணம்.

அவருக்குத் தண்டனை தரவில்லை என்பதை விடுதலை என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. மேலதிகாரியின் நிலைப்பாடு கதவில் ஒட்டப்பட்டிருக்கும் அலுவலகத்தில் கீழ்நிலை ஊழியர் எவ்வளவு துணிவோடு பேசுவார்? ஃபொலாவ் போன்ற நட்சத்திரம் பேசலாம். முதல் ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கும் 19 வயதுப் பிள்ளை பேசமாட்டான். 2019இல் அவரை நீக்கியபோது, அப்படியானால் தன்னையும் மற்றப் பசிபிக் தீவு வீரர்களையும் நீக்கிவிடலாம் என்ற பொருளில் தனியேலா துபோ என்ற முன்வரிசை வீரர் எழுதியதை நினைவில் கொள்ளுங்கள். அது சினத்தில் எழுதிய வரி என்று கொண்டாலும், அதில் வெளிப்பட்ட அச்சம் உண்மையானது.

சட்டக்கண்:

இருவர் எழுதியதற்கும் இடையில் சட்ட நிலையைச் சற்று விளக்குகிறேன். ஃபொலாவ் வழக்கில் வென்றார் என்றும் தோற்றார் என்றும் இணையத்தில் இரு விதமாகவும் எழுதுகிறார்கள், இரண்டும் தவறு.

அவர் வாழ்ந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சமய நம்பிக்கை பாதுகாக்கப்பட்ட காரணமாக இடம்பெறவில்லை. ஆகவே அவர் கூட்டாட்சிச் சட்டமான நியாயப் பணிச் சட்டத்தின் 772ஆம் பிரிவைப் பற்றினார். சமயத்தின் காரணமாக ஒருவரைப் பணிநீக்கம் செய்வதை அப்பிரிவு தடுக்கிறது. அதே பிரிவு பாலியல் விருப்பத்தின் காரணமாக நீக்குவதையும் தடுக்கிறது என்பதை இரு தரப்பினரும் கவனிக்க வேண்டும். 2019 ஜூனில் நியாயப் பணி ஆணையத்தில் சமரசம் தோல்வியடைந்தது. பின்னர் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 2020 பிப்ரவரியில் விசாரணை தொடங்க இருந்த நிலையில், 2019 டிசம்பர் 4 அன்று இரு தரப்பும் உடன்பாடு செய்துகொண்டன. தொகை வெளியிடப்படவில்லை. ஏற்பட்ட மனவருத்தத்துக்கு இரு தரப்பும் ஒன்றுக்கொன்று மன்னிப்புத் தெரிவித்துக்கொண்ட கூட்டறிக்கை மட்டுமே வெளிவந்தது.

இதனால் விளைந்த இழப்பு பெரிது. வேதாகம வசனத்தைத் தன் சொந்தக் கணக்கில் பகிர்ந்த ஊழியரை நீக்குவது சமயத்தின் காரணமாக நீக்குவதாகுமா, அல்லது விதியை மீறிய நடத்தையின் காரணமாக நீக்குவதாகுமா என்ற அடிப்படைக் கேள்விக்கு எந்த நீதிபதியும் விடை எழுதவில்லை. அந்தத் தீர்ப்பு வந்திருந்தால் விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமன்றி, மருத்துவமனையிலும் வங்கியிலும் பணியாற்றும் எல்லோருக்கும் ஓர் அளவுகோல் கிடைத்திருக்கும்.

அந்த வெற்றிடத்தை நாடாளுமன்றம் நிரப்பும் என்று எதிர்பார்த்தார்கள். ஸ்காட் மாரிசன் அரசு கொண்டுவந்த சமயப் பாகுபாட்டு மசோதாவின் முன்வரைவுகளில், பெரிய நிறுவனங்கள் ஊழியர்களின் சமயக் கூற்றுகளைக் கட்டுப்படுத்துவதற்கு வரம்பு விதிக்கும் பகுதி இருந்தது. ஃபொலாவ் பிரிவு என்றே ஊடகங்கள் அதை அழைத்தன. மசோதா 2022 பிப்ரவரியில் கீழவையைக் கடந்தது, மேலவையில் கைவிடப்பட்டது. அதற்குள் ஃபொலாவ் பிரான்சின் காட்டலன்ஸ் டிராகன்ஸ் அணிக்கு ஆடிவிட்டு ஜப்பானுக்குப் போய்விட்டார். பிறகு 2022இல் தொங்காவுக்காக ஆடினார். சட்டம் மட்டும் அவர் விட்டுச்சென்ற இடத்திலேயே நிற்கிறது.

திருச்சபைத் தோழர்:

நான் கிறிஸ்தவ விசுவாசி. மேலே எழுதிய மூவரும் ஃபொலாவின் வார்த்தைகளை வெளியிலிருந்து பார்க்கிறார்கள் என்று தோன்றுவதால், உள்ளிருந்து சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர் பகிர்ந்த பட்டியல் அவருடைய கற்பனை இல்லை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்திலிருந்து பிறந்தது அது. ஆழ்ந்த விசுவாசிக்கு எச்சரிக்கை என்பது அன்பின் வடிவம். ஆபத்து வருகிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பதையே அவர் பாவமாகக் கருதுவார். எனவே பணம் வேண்டுமா, வசனம் வேண்டுமா என்று ஒப்பந்தம் அவர்முன் வைத்த தேர்வு எளிதானதன்று. அவர் பெரும் சம்பளத்தை விட்டார். அதை நான் மதிக்கிறேன்.

ஆயினும் என் மனத்தை உறுத்துவன இரண்டு உண்டு. பவுல் அந்தப் பட்டியலோடு நிற்கவில்லை. அடுத்த வசனத்திலேயே, உங்களில் சிலரும் அப்படிப்பட்டவர்களாக இருந்தீர்கள், ஆனால் கழுவப்பட்டீர்கள் என்ற பொருளில் தன் சபையாரையே நோக்கித் திரும்புகிறார். கேட்பவரையும் சொல்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் வசனம் அது. ஃபொலாவின் பதிவில் மனந்திரும்புங்கள் என்ற அழைப்பு இருந்தது. இந்த ஒரே வரிசை இல்லை. முகமறியாத கூட்டத்தை நோக்கிப் படமாக வீசப்பட்ட வசனம் தன் சூழலை இழந்துவிடுகிறது. சபையில் எழுந்து நின்று சொல்லும் போதகருக்கு எதிரே அவரை அறிந்த முகங்கள் இருக்கும். கேட்டுத் திருத்தும் மூப்பர்கள் இருப்பார்கள். இன்ஸ்டாகிராமில் அவர்கள் இல்லை.

அதே 2019 நவம்பரில் அவர் ஆற்றிய பிரசங்கம் இரண்டாவது உறுத்தல். நாட்டில் காட்டுத்தீ பரவி மக்கள் மடிந்துகொண்டிருந்த வேளையில், அந்தத் தீயையும் வறட்சியையும் தன்பாலினத் திருமணத்துக்கும் கருக்கலைப்புக்கும் சட்டம் இடங்கொடுத்ததோடு இணைத்துப் பேசினார். பெந்தெகொஸ்தே விசுவாசியான பிரதமர் மாரிசனே அதைக் கடுமையாகக் கண்டித்தார். 2017இல் மரியாதையோடு மாற்றுக் கருத்தைச் சொன்ன மனிதர் இரண்டே ஆண்டுகளில் எங்கு வந்து சேர்ந்தார் என்று வருந்தினேன்.

வென்ட்வொர்த்வில் வாசகரிடம் அன்போடு ஒன்று கேட்கிறேன். அந்தப் பட்டியலில் விக்கிரக ஆராதனைக்காரரும் இருந்தார்கள். தங்கள் பகுதியில் கோயிலுக்குப் போகும் தமிழ்ப் பெற்றோரும் அந்தப் பதிவின்படி நரகத்துக்கு உரியவர்களே. அவர்கள் அந்தப் பகுதியை வாசித்தார்களா?

வென்ட்வொர்த்வில் வாசகர்:

திருச்சபைத் தோழரே, வாசித்தார்கள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த நரகத்தை நாங்கள் நம்பவில்லையோ அதற்கு எங்களை அனுப்புவதாக ஒருவர் சொன்னால் எங்களுக்கு அது வலிக்காது. அதைத்தான் ஃபொலாவின் ஆதரவாளர்களும் சொன்னார்கள்: பட்டியலில் எல்லோரும் இருக்கும்போது ஒரு பிரிவினர் மட்டும் ஏன் புண்பட வேண்டும் என்று.

மாற்றுக்குரல்:

அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். நான் மெல்பர்னில் வாழும் தமிழ்ப் பெண், தன்பாலீர்ப்பாளர்.

பொய்யரும் குடிகாரரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பொய்யராக இருப்பதற்காக யாரும் வீட்டைவிட்டுத் துரத்தப்படுவதில்லை. குடிகாரர் மணம் செய்துகொள்ளலாமா என்று ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அஞ்சலில் வாக்கு அனுப்பியதில்லை. கோயிலுக்குப் போகிறவர் அந்தப் பதிவை வாசித்துவிட்டுத் தன் தாயிடம் போனால், தாய் அவர் பக்கம் இருப்பார். என் வயதில் எனக்குத் தெரிந்த பலருக்கு அந்தப் பதிவை எழுதிய வீரரின் குரலும் வீட்டின் குரலும் ஒன்றாக இருந்தன. ஒரே சொல் எல்லோர்மீதும் ஒரே எடையில் விழுவதில்லை. ரக்பி லீக் வீரர் இயன் ராபர்ட்ஸ் 1995இல், ஆடிக்கொண்டிருக்கும்போதே, தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தவர். ஃபொலாவ் விவாதத்தின்போது அவர் வற்புறுத்தியதும் இதையே: ஏற்கெனவே தடுமாறி நிற்கும் புறநகர் இளைஞர்களின் உயிரோடு தொடர்புடைய பேச்சு இது.

டென்னிஸ் மேதை மார்கரெட் கோர்ட்டை இங்கே யாரும் இன்னும் குறிப்பிடவில்லை. ஒற்றையரில் 24 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றவர், பெர்த்தில் திருச்சபைப் போதகர். 2017 மே மாதத்தில் ஒரு நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில், தன்பாலினத் திருமணத்தைப் பரப்புவதால் இனி இயன்றவரை குவாண்டாஸ் விமானங்களில் பறக்கப் போவதில்லை என்று அறிவித்தார். எனக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. தன் பணத்தை எங்கே செலவிடுவது என்பது அவர் உரிமை. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், கேசி டெல்லாக்வா என்ற ஆஸ்திரேலிய வீராங்கனைக்கும் அவருடைய இணையருக்கும் குழந்தை பிறந்தபோது, அக்குழந்தை தந்தை இல்லாமல் வளரப்போவதற்கு வருந்தி அவர் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். சட்டத்தைப் பற்றிய கருத்துக்கும் ஒரு குடும்பத்தின் கைக்குழந்தையைப் பற்றிய கருத்துக்கும் இடையிலுள்ள தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் எழுதியவர் ஒருவரே.

எல்லைக்கோடு வகுத்த பிரிவினை எனக்கு ஏற்புடையது. ஆனால் அது அவருக்குத் தோன்றும் அளவுக்கு எங்களுக்கும் தூய்மையானது என்று அவர் எண்ணிவிட வேண்டாம். என் திருமணம் வாக்கெடுப்புக்கு விடப்பட்ட அந்த எட்டு வாரங்களில், இல்லை என்ற ஒவ்வொரு பதாகையும் என்னைப் பற்றியதாகவே இருந்தது.

ஃபொலாவின் ரக்பியிலேயே டேவிட் போக்காக் என்ற வீரரும் இருந்தார். தேசிய அணியில் ஃபொலாவோடு ஆடியவர். அவரும் எம்மாவும் 2010இல் உறவினர் முன்னிலையில் ஒன்றிணைந்தார்கள். தன்பாலீர்ப்பாளர்களுக்கு அந்த உரிமை கிடைக்கும்வரை தாங்களும் சட்டப்படி கையெழுத்திடுவதில்லை என்று முடிவெடுத்து, சட்டம் மாறிய பின்னர் 2018இல்தான் பதிவு செய்துகொண்டார்கள். 2015இல் ஓர் ஆட்டத்தில் எதிரணி வீரர் தன்பாலீர்ப்பாளரை இழிக்கும் சொல்லைப் பயன்படுத்தியபோது, நடுவரிடம் நேரே போய் முறையிட்டார். அந்த வீரருக்கு 20,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. களத்தில் இப்படிப்பட்ட புகாரை எழுப்புவது அணித் தோழமைக்கு எதிரானது என்று எண்ணப்பட்ட காலத்தில் அவர் அதைச் செய்தார். 2022 முதல் அவர் மேலவை உறுப்பினர். வீரர்கள் அரசியல் பேசக்கூடாது என்று பொதுவாகச் சொல்பவர்கள் போக்காக்கின் வாயையும் சேர்த்தே மூடச் சொல்கிறார்கள்.

பால்டிமோர்வாசி:

மாற்றுக்குரல் அவர்களின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஆஸ்திரேலிய விவாதத்தில் விடுபட்டுப்போகும் ஒரு பக்கம் அதில் இருக்கிறது.

2012இல் மேரிலாந்து மாநிலத்தில் தன்பாலினத் திருமணச் சட்டம் மக்கள் வாக்குக்கு வந்தது. பால்டிமோர் ரேவன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் பிரெண்டன் அயன்படேஜோ அதை வெளிப்படையாக ஆதரித்தார். அதைப் பொறுக்காத மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் எம்மெட் பர்ன்ஸ், அணியின் உரிமையாளருக்குக் கடிதம் எழுதி, உங்கள் ஊழியரின் இத்தகைய பேச்சைத் தடுத்து நிறுத்துங்கள் என்று கேட்டார். இந்த இழையில் பேசப்படும் அதே கோரிக்கைதான். திசை மட்டும் எதிர்ப்புறம். அணி நிர்வாகம் தன் வீரரின் பேச்சுரிமைக்குத் துணைநின்றது. மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கிறிஸ் க்ளூவி, பர்ன்ஸுக்கு மிகக் கடுமையான மொழியில் திறந்த மடல் எழுதினார். பர்ன்ஸ் தன் கோரிக்கையிலிருந்து பின்வாங்கினார்.

பலர் மறந்துவிட்ட பகுதி இனித்தான் வருகிறது. அதே ரேவன்ஸ் அணியில், அதே பருவத்தில், மேட் பர்க் என்ற மூத்த வீரர் இருந்தார். கத்தோலிக்கர். அவர் மினசோட்டா நாளிதழில் தன்பாலினத் திருமணத்தை எதிர்த்துக் கட்டுரை எழுதினார். அயன்படேஜோவும் பர்க்கும் ஒரே உடைமாற்றும் அறையைப் பகிர்ந்துகொண்டார்கள். 2013 பிப்ரவரியில் அந்த அணி அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் பட்டத்தை வென்றது. கருத்து வேறுபாடு அணியைச் சிதைத்துவிடும் என்று பேச்சைத் தடுப்பவர்கள் சொல்லும் காரணம் அங்கே பொய்த்தது. அதற்கு முன்னர், 2012 நவம்பரில், மேரிலாந்து மக்கள் சட்டத்தை ஏற்றார்கள். மினசோட்டா மக்கள் திருமணத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமென வரையறுக்கும் திருத்தத்தை நிராகரித்தார்கள். இரு வீரர்களும் தத்தம் பக்கத்தைச் சொன்னார்கள், மக்கள் முடிவெடுத்தார்கள்.

க்ளூவியின் கதை அவ்வளவு நிறைவாக முடியவில்லை. 2013 மே மாதத்தில் வைக்கிங்ஸ் அணி அவரை விடுவித்தது. தன் பரப்புரையே காரணம் என்று அடுத்த ஆண்டு அவர் குற்றஞ்சாட்டினார். அணி அமர்த்திய விசாரணையாளர்கள், விடுவிப்புக்கு ஆட்டத்திறனே காரணம் என்றார்கள். ஆனால் சிறப்பு அணிகளின் பயிற்றுநர் தன்பாலீர்ப்பாளரைப் பற்றி இழிவான கூற்றைச் சொன்னார் என்பதை உறுதிசெய்தார்கள். பயிற்றுநருக்குச் சில ஆட்டங்கள் தடை, க்ளூவியோடு உடன்பாடு. இங்கும் நீதிமன்றத் தீர்ப்பு இல்லை. ஊழியரின் வாயைக் கட்டும் அதிகாரத்தை நிறுவனத்துக்குக் கொடுத்தால், அது இன்று நாம் விரும்பும் திசையிலும் நாளை நாம் அஞ்சும் திசையிலும் பயன்படும்.

எல்லைக்கோடு:

எல்லோருக்கும் நன்றி. பால்டிமோர்வாசி தந்த எடுத்துக்காட்டு என் நிலையை உறுதிப்படுத்துகிறது. பர்க் எழுதியதும் ஃபொலாவ் 2017இல் எழுதியதும் ஒரே வகை. இரண்டுக்கும் முழுப் பாதுகாப்பு வேண்டும்.

குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் 2016 பிப்ரவரியில், பிலிப்பைன்ஸ் மேலவைத் தேர்தல் பரப்புரையின்போது, தன்பாலினத் திருமணம் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விக்கு அவ்வாறு இணைபவர்கள் விலங்குகளைவிடக் கீழானவர்கள் என்று விடையளித்தார். பின்னர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் நைக்கி நிறுவனம் அவரோடு கொண்டிருந்த உறவை உடனே முறித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் மக்கள் அவரை மேலவைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கேள்விக்கு 'நான் எதிர்க்கிறேன், என் சமயம் அதை ஏற்கவில்லை' என்று அவர் முடித்திருக்கலாம். அவ்வளவில் முடித்திருந்தால் விளம்பரதாரர் விலகுவதை நான் கண்டித்திருப்பேன்.

வென்ட்வொர்த்வில் வாசகரின் வாதத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். விளையாட்டு அமைப்புகள் ஒரு வாக்கெடுப்பில் பக்கம் எடுக்கலாம் என்றே இன்னும் நினைக்கிறேன். 2014இல் சிட்னியில் தன்பாலீர்ப்பாளர் அணிகளின் உலக ரக்பிப் போட்டிக்காகத் தன்பாலீர்ப்பாளர் இதழின் அட்டையில் ஃபொலாவின் படமே இடம்பெற்றது என்பதையும் மறக்கக்கூடாது. அப்போது அமைப்பும் அவரும் ஒரே பக்கம் நின்றார்கள். ஆனால் பக்கம் எடுக்கும் அமைப்பு, மாற்றுக் கருத்துடைய கடைசி நிலை வீரருக்கும் எழுத்தில் உறுதி தர வேண்டும். ஆஸ்திரேலிய ரக்பி அமைப்பின் பெரிய தவறு 2019இல் நடந்ததாக நான் கருதவில்லை. 2018 அக்டோபரில், ஏப்ரல் மாதப் பதிவு கிளப்பிய புயலைக் கண்ட பின்னும், சமூக ஊடகத்தைப் பற்றிய தெளிவான தனிப்பிரிவு இல்லாமல் நான்காண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதே அந்தத் தவறு. எல்லோரையும் பாலியல் விருப்பம், சமயம், இனம் கருதாமல் மதிப்போடு நடத்த வேண்டும் என்ற பொது விதியை மட்டும் நம்பி நின்றார்கள். அந்த விதி சமயத்தையும் பாதுகாக்கிறது என்பதால் ஃபொலாவ் அதே விதியைத் தன் பக்கமும் இழுக்க முடிந்தது.

வென்ட்வொர்த்வில் வாசகர்:

அப்படியானால் தாங்கள் எழுதும் பிரிவு எப்படி இருக்கும்? சட்டக் கருத்து எது, மனிதரை இழிப்பது எது என்று யார் பிரிப்பார்? விளம்பரதாரரின் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு அமைப்பின் தலைமை பிரித்தால், என் பிள்ளைக்கு நான் வாயை மூடிக்கொள் என்றுதான் சொல்வேன்.

சட்டக்கண்:

அதற்கு விடை அந்த வழக்கிலேயே ஓரளவு இருக்கிறது. 2019 மே மாதத்தில் ஃபொலாவை விசாரித்த மூவர் குழுவில் தலைவர் ஒருவர், ரக்பி அமைப்பின் சார்பில் ஒருவர், வீரர்கள் சங்கத்தின் சார்பில் ஒருவர் இருந்தனர். அந்த அமைப்பு முறை நல்லது. குறை என்னவென்றால், அவர்கள் விளக்க வேண்டியிருந்த விதி மிகப் பொதுவானது. அதை எழுதியபோது தொங்க, சமோவத் திருச்சபைகளைச் சேர்ந்த வீரர்களோ தன்பாலீர்ப்பாளரான வீரர்களோ ஒரே மேசையில் அமர்ந்து வாதிட்டு ஏற்றுக்கொண்ட விதியாக அது எவருக்கும் தோன்றவில்லை.

என்னிடம் கேட்டால் வீரர்கள் சங்கத்தோடு செய்யும் கூட்டு ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் சேர்ப்பேன். முதலாவது, வாக்கெடுப்பிலோ நாடாளுமன்றத்திலோ இருக்கும் கேள்வியில் வீரர் சொல்லும் ஆதரவும் எதிர்ப்பும் எந்த நிலையிலும் விதிமீறல் ஆகாது. இரண்டாவது, ஒரு பிரிவினரை அவர்களின் பிறப்பு, சமயம், பாலியல் விருப்பம் கருதி இழிக்கும் பொதுப் பதிவு விதிமீறல். அது வேதநூல் வசனமாக இருந்தால் குழு அதன் சூழலையும் நோக்கத்தையும் ஆராய வேண்டும், முதல் மீறலுக்கு ஒப்பந்த முறிவு கூடாது. மூன்றாவது, விளம்பரதாரர் விடுக்கும் எந்தக் கோரிக்கையும் குழுவின்முன் சான்றாக வைக்கப்படக்கூடாது.

மாற்றுக்குரல்:

முதல் வரியையும் மூன்றாவதையும் முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவதில் ஒன்று சேர்க்க வேண்டும்: குழு முடிவெடுக்கும் முன்னர், அந்தப் பதிவு யாரைக் குறித்ததோ அவர்களில் ஒருவரையாவது நேரில் கேட்க வேண்டும். 2019இல் ஃபொலாவின் வழக்கறிஞர்கள் பேசினார்கள், அமைப்பின் வழக்கறிஞர்கள் பேசினார்கள். ஆடிக்கொண்டிருந்த தன்பாலீர்ப்பாளர் எவருடைய குரலும் அந்த விவாதத்தின் நடுவில் எனக்குக் கேட்கவில்லை.

வென்ட்வொர்த்வில் வாசகர்:

அந்தச் சேர்க்கையை நான் எதிர்க்கவில்லை. ஃபொலாவ் போன்ற விசுவாசி ஒருவரும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். நான் 2017இல் அனுப்பிய விடையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இப்படி ஒரு விதியின்கீழ் என் பிள்ளை ஆடுவதற்கு நான் கையெழுத்திடுவேன்.